ஜப்பான்காரர் சொன்ன மழை

விமானம் ஜப்பானை விட்டு மேற்கே திரும்பியதுமே என்னுடைய ஆராய்ச்சி என்னைப் பிடித்துப் பின்னால் தள்ள ஆரம்பித்துவிட்டது. எதிர்க்காற்று பலமாக இருக்கிறது, தாமதமாகத்தான் போய்ச் சேருவோம், மன்னிக்க வேண்டும் என்று விமானி அறிவித்தார். பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் பெருமையாகச் சொன்னேன்: "நான் அந்தக் காற்றைப் பற்றித்தான் வேலை பார்க்கிறேன்." அவர் கண்ணைத் திறக்காமலே, "அப்படியானால் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார்.

அந்தப் பயணம் முழுக்க எல்லாரும் என்னிடம் இதையேதான் கேட்கப் போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டமும் வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டமும் முட்டிக்கொள்கின்றன. முட்டும் இடத்தில் கடலில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். அதற்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் காற்று என்பார்கள். கீழே ஒரு கோடு, மேலே ஓர் ஆறு. இரண்டுக்கும் நிலையான விலாசம் கிடையாது. பருவத்துக்குப் பருவம் நகரும். பனியுகங்கள் வந்து போகும்போது வீட்டையே மாற்றிக்கொண்டு போய்விடும். அந்தக் காலத்தில் அவை எங்கே இருந்தன என்று நாங்கள் கடலடிச் சேற்றில் தேடுகிறோம். சேற்றில் புதைந்த பொடி ஓடுகள், தண்ணீர் அப்போது சூடா குளிரா என்று சொல்லும். பாலைவனத்திலிருந்து காற்று சுமந்து வந்து போட்ட தூசி, அந்தக் காற்று எந்தப் பக்கமாக ஓடியது என்று சொல்லும். ஆக, பனியுகத்தில் ஜெட் காற்று எங்கே இருந்தது என்று கேளுங்கள், பளிச்சென்று சொல்கிறேன். சாயங்காலம் குடை எடுத்துப் போகவா என்று கேட்டால், என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

வந்த காரியம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது அறுபது. என் அக்கா கலாவின் கணவர் ராஜமாணிக்கம் அத்தானுக்குத் திருக்கடையூரில் வியாழக்கிழமை அறுபதாம் கல்யாணம். அக்கா கழுத்தில் அவர் இன்னொரு முறை தாலி கட்ட வேண்டும். அக்கா உடுத்த வேண்டிய கூறைப்புடவையைப் பிறந்த வீட்டுச் சீராகத் தம்பி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இது தவிர, ஆபீஸில் என் மேலதிகாரி அம்மாள் ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தார்: "உங்கள் ஊர் ஆறு கடலில் சேரும் இடத்தைப் படம் எடுத்து வாருங்கள். இரண்டு தண்ணீர் சேரும் இடம் எங்கிருந்தாலும் எனக்குப் பார்க்க வேண்டும்."

திருச்சியில் இறங்கித் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். தஞ்சாவூரில் காலைப் பலகாரம், இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு எல்லாம் போட்டு, சாம்பாரிலும் சேராமல் குருமாவிலும் சேராமல் நடுவில் நிற்கும் பதார்த்தம் அது. இரண்டு நீரோட்டங்கள் சேரும் இடத்தில்தான் மீன் அதிகம் என்று எங்கள் துறையில் சொல்வோம். ருசியும் அங்கேதான் என்பதை மூன்றாவது இட்லியில் கண்டுபிடித்தேன். அதை உறுதிப்படுத்த நான்காவது தேவைப்பட்டது.

மாயவரத்துக்கு ரயில். வழியில் எதிர் ரயிலுக்காக ஒரு வெட்டவெளியில் நின்றோம். ஜப்பானில் இப்படி நின்றால் ரயில்வே அதிகாரி தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பார். இங்கே எதிர் இருக்கைக்காரர் சம்படத்தைத் திறந்து, "புளிசாதம் சாப்பிடுறீங்களா சார்?" என்று கேட்டார். எந்த முறை சிறந்தது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

செம்பனார்கோவில் பக்கத்தில் அக்கா வீடு. போய்ச் சேர்ந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில், அத்தான் என்னை வயலுக்கு அழைத்துப்போனார். குறுவை நெல் முற்றித் தலைசாய்த்து நின்றது. பார்க்க அழகாக இருந்தது. அத்தான் முகம் அப்படி இல்லை.

"போன வருஷம் இதே மாதிரிதான் நின்னுச்சு மச்சான். அறுத்துக் குவிச்சு வெச்சேன். பேஞ்சுது பாரு! குவியல்லயே மொளவிட்டுப் போச்சு."

அக்கா இதற்கு மேல் ஒன்றை முதல் நாளே அடுக்களையில் என்னிடம் சொல்லியிருந்தாள். "இந்த வருஷமும் மொளச்சா, கல்யாணம் முடிஞ்ச கையோட நெலத்தக் குத்தகைக்கு விட்டுடுவேன்னு சொல்றாருடா. வெவசாயத்த விட்டா இந்த மனுஷன் நாள் பூரா வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவாரு? என்னையத்தான் மேய்ப்பாரு."

அறுவடை மெஷினுக்கு ஊரில் முறை உண்டு. இன்ன நாள் இன்னார் வயல் என்று தரகர் சேகர் பிரித்துக் கொடுப்பார். அத்தானுக்குப் புதன்கிழமை. மழை பெய்து வயல் சேறாகிவிட்டால் டயர் வைத்த மெஷின் உள்ளே இறங்காது. நெல் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மழை எப்போ?" என்றார் அத்தான்.

"அத்தான், நான் மழைக்காரன் இல்ல. சேறு பாக்குறவன்."

"சேறா? இங்க இல்லாத சேறாய்யா? அதுக்கா அவ்வளவு தூரம் போன?"

ரோஷம் வந்துவிட்டது. வரப்பில் நின்றபடி வகுப்பெடுத்தேன். "மேல ஒரு காத்து ஆறு ஓடுது அத்தான். வெயில் காலத்துல இமயமலைக்கு அந்தப் பக்கமா ஓடும். குளிர் வர வர இந்தப் பக்கம் எறங்கும். அது எறங்கி, நம்ம ஊர்க் காத்தும் கெழக்கேர்ந்து திரும்பினாத்தான் ஐப்பசி மழை. இன்னும் எறங்கல. அதனால இந்த வாரம் பருவமழை ஆரம்பிக்காது. ஆனா..."

அத்தான் போனைக் கட்டைவிரலால் அழுத்தியபடி என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். பாட்டு கேட்கிறார் என்று நினைத்தேன். "ஆனா" என்ற இடத்தில் அவர் கட்டைவிரலை எடுத்தார்; பதிவு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு நான் சொன்னது இது: "ஆனா, சாயங்கால இடிமழை எப்ப வேணா ஒண்ணு கொட்டும். அதுக்கும் இந்த ஆத்துக்கும் சம்பந்தம் இல்ல." அத்தான் அதைக் கேட்கவில்லை. முன்னால் சொன்னது ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மேலதிகாரி அம்மாளின் படத்துக்காகப் பூம்புகாருக்குப் பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ் நின்றது. ரோட்டின் ஒரு பாதி முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரத்தில் கற்களை வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த பாதியில் எங்கள் பஸ்ஸும் எதிரே வந்த பஸ்ஸும் மூக்கோடு மூக்கு. இரண்டு டிரைவர்களும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்ட விதத்தை இங்கே மொழிபெயர்க்காமல் விட்டுவிடுகிறேன்.

"இந்த மாசத்துல இவ்வளவு தைரியமா ரோட்டுல கொட்டி வெச்சிருக்காங்களே" என்று பொதுவாகச் சொன்னேன்.

பக்கத்தில் உர மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "உங்களுக்கு விஷயமே தெரியாதா? ஜப்பான்காரரு சொல்லிட்டாரே."

"எந்த ஜப்பான்காரர்?"

"பெரிய வெஞ்ஞானி. அங்கேர்ந்து மெஷின் வெச்சுப் பாத்திருக்காரு. இமயமலையில ஒரு ஆறு இருக்காம். அது எறங்குற வரைக்கும் ஒரு சொட்டு கெடயாதாம். சுத்தமான தமிழ்ல பேசுறாருங்க. அந்த அறிவு நம்மாளுக்கு வருமா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ரோட்டில் மஞ்சளாக விரிந்து கிடந்தது என்னுடைய கருத்து.

"அப்படியெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாதுங்க. சாயங்காலம் இடிமழை வரலாம்" என்றேன்.

"வெவரம் தெரிஞ்சவரு அவ்வளவு தூரத்துலேர்ந்து சொல்றாரு. நீங்க பஸ்ல உக்காந்துகிட்டு இல்லங்கிறீங்க. நீங்க என்ன ஜப்பானா?"

பூம்புகாரில் இறங்கி, படத்தைவிட முதலில் மீனைத் தேடினேன். அக்கா வீட்டில் கல்யாணம் முடியும் வரை சைவம். கடற்கரையில் செல்வி என்ற அம்மாள் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் படகில் போகிறவர். ஆறு கடலில் சேரும் இடத்தில் கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் ஒரு கோட்டில் நின்றன. கோடு நிற்கவில்லை என்பது கொஞ்ச நேரம் பார்த்தால்தான் தெரிகிறது. வளைந்தது, உள்ளே போனது, திரும்ப வந்தது. நான் மாதக்கணக்கில் நுண்ணோக்கியில் தேடுகிற சங்கதி, இங்கே ஒரு தட்டு நெத்திலி தீர்வதற்குள் நான்கு தடவை இடம் மாறியது. ஜப்பான் பக்கத்துக் கோட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அளவு மட்டுந்தான். படம் எடுத்தேன். எடுத்த படத்தில் கோடு அசையாமல், சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை மாதிரி நின்றது. ஒரு விநாடி உண்மை. அதைத்தான் நான் வரப்பில் நின்று ஒரு வாரத்துக்கு நீட்டியிருந்தேன்.

செல்வியிடம் கேட்டேன்: "உங்க வீட்டுக்காரரும் ஜப்பான்காரர் பேச்சக் கேட்டுத்தான் கடலுக்குப் போறாரா?"

அவர் கரண்டியை நிறுத்திச் சிரித்தார். "வாட்ஸ்அப்ப நம்பி, சோறு கட்டிக் கொடுத்துக் கடலுக்கு அனுப்பிட்டு நான் கரையில உக்காந்து அழவா? வானிலை ஆபீஸ் போகலாம்னு சொன்னாப் போவாரு, வேணாம்னா வலை பின்னுவாரு. ஜப்பான்காரரெல்லாம் நெல்லுக்காரங்களுக்குத்தான்."

பாதி நிம்மதி. மீதி நிம்மதிக்காக அத்தானுக்குப் போன் செய்தேன்.

"அத்தான், நாளைக்கு மெஷின் வருதுல்ல?"

"நாளைக்கா? பந்தல்காரன், சமையக்காரன், வேன்காரன்னு ஆயிரம் வேலை. நீதான் இந்த வாரம் மழை இல்லன்னுட்டியே! என் முறையப் பக்கத்து வயல்காரனுக்கு விட்டுக் கொடுத்துட்டேன். நான் கடைசி. ஞாயித்துக்கெழம சாயங்காலம்."

"அத்தான், நான் பருவமழைதான் இல்லன்னேன். இடிமழை வரும்."

போன் கைமாறியது. அக்கா பேசினாள். "ஏண்டா, பருவமழைல நனைஞ்சா ஒரு மாதிரி மொளைக்கும், இடிமழைல நனைஞ்சா வேற மாதிரி மொளைக்குமா? நெல்லுக்கு அதெல்லாம் தெரியுமா?"

பஸ் ஸ்டாண்டில் நின்றே ஊர்க் குழுவுக்கு ஒரு திருத்தம் பேசி அனுப்பினேன். நான் பார்ப்பது ஆயிரக்கணக்கான வருஷத்துக் கணக்கு, இந்த வாரத்துக் கணக்கு அல்ல, அறுக்க முடிந்தவர்கள் அறுத்துவிடுங்கள், சாயங்காலம் படுதா போட்டு மூடுங்கள் என்று தெளிவாக, நிதானமாக, மூன்று நிமிஷம் பேசினேன். பதிலுக்கு ஒரு பெருவிரலும், பூங்கொத்துப் படத்தோடு ஒரு மாலை வணக்கமும் வந்தன. என் திருத்தத்தை யாரும் வேறு யாருக்கும் அனுப்பவில்லை. முதல் பேச்சு மாவட்டம் தாண்டியிருந்தது.

புதன்கிழமை காலை, தரகர் சேகரை டீக்கடையில் பிடித்தேன். நாங்கள் இருவரும் அதற்கு முன் பார்த்துக்கொண்டதில்லை.

"எங்க அத்தான் ராஜமாணிக்கம் வயலுக்கு மெஷினை முன்னாடியே அனுப்பணுங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்காது."

"ஏன் தாங்காது? ஜப்பான்காரரே சொல்லிட்டாரு."

"நான்தாங்க அந்த ஜப்பான்காரன்."

சேகர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மடித்துக் கட்டிய வேட்டி, அத்தானின் பழைய சட்டை, கையில் மசால்வடை.

"சார், காலங்காத்தால காமெடி பண்ணாதீங்க."

"சத்தியமாங்க. கொரலக் கேளுங்க. மேல ஒரு காத்து ஆறு ஓடுது..."

"அத என் பையன்கூடப் பேசிக் காட்டுறான். அந்த ஆளோட கொரல்ல ஒரு தைரியம் இருக்கும் சார். உங்ககிட்ட அது இல்ல."

உண்மை. திங்கட்கிழமை இருந்த தைரியம் செவ்வாய்க்கிழமையே கரைந்துவிட்டது. ஆனால் சேகர் நல்ல மனிதர். "நாளைக்குக் காலையில மெஷின் சும்மாத்தான் நிக்கிது. ஊரே உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வேன் ஏறுது, வயல்ல நிக்க யாரு இருக்கா? ஆளு நின்னா அனுப்புறேன். வரப்பு காட்டணும், நெல்லக் களத்துல சேக்கணும், படுதா போடணும். யாரு நிப்பா?"

யார் நிற்பார்? அத்தான் மணமேடையில். அக்கா அவர் பக்கத்தில். தெருவே கோயிலில். கணக்குப் போட்டால் மிச்சம் ஒரே ஓர் ஆள். ஜப்பானிலிருந்து இந்த ஒரு காலைக்காகவே வந்தவன்.

"நான் நிக்கிறேன்" என்றேன். இந்தப் பயணத்தில் நான் சந்தேகமில்லாமல் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான்.

அக்காவிடம் சொன்னேன். கொடியிலிருந்த துண்டை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். "பொறந்த வீட்டுப் புடவையை அங்க எனக்கு யாருடா கொடுப்பா?" என்றாள். அத்தான், "அறுப்பு ஞாயித்துக்கெழமயே இருக்கட்டும் மச்சான், போனாப் போவுது" என்றார். போனால் எது போகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அவன் நிக்கட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் கல்யாண வேன் திருக்கடையூர் ரோட்டுக்குத் திரும்புமுன் வயலோரம் நின்றது. அக்கா இறங்கி வரப்பில் வந்து நின்றாள். மாயவரத்துக் கூறைநாட்டில் வாங்கிய புடவையைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கோடு கொடுத்தேன். வேனுக்குள்ளிருந்து ஒருவர் அவசரமாக நாதஸ்வரத்தை எடுத்து நான்கு வரி வாசித்தார். பின்னால் மெஷின் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. கூறைப்புடவைக்கும் அறுவடை மெஷினுக்கும் ஒரே மேளம்.

அறுவடை மெஷினுக்கு வரப்பு காட்டுவது எளிது என்று நினைத்திருந்தேன். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த டிரைவர், "சார், வண்டிக்கு முன்னாடி நிக்காதீங்க, நீங்களும் மூட்டைல போயிடுவீங்க" என்று இரண்டு முறை எச்சரித்தார். வைக்கோல் தூசி கண்ணில், மூக்கில், சட்டைக்குள். மத்தியானத்துக்குள் முழு வயலும் மொட்டை. டிராக்டரில் நெல்லைக் களத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் பரப்பி, காலால் கிளறிக்கொண்டே நடந்தேன். போனில் திருக்கடையூரிலிருந்து படங்கள் வந்தன. கலச நீர் ஊற்றி நனைந்துபோன அத்தான். தாலி கட்டும்போது வெட்கப்பட்ட அக்கா. அவள் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தக் கூறைப்புடவை அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. நெல்லைக் கிளறினேன்.

நான்கு மணி வாக்கில் மேற்கே மேகம் கட்டியது. காற்று நின்றது. தூரத்தில் உருட்டியது. ஓடி ஓடி நெல்லைக் கூட்டி, படுதாவை இழுத்து மூடி, கல் வைத்தேன். பிறகு களத்து நடுவில் நின்று வானத்தைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன்: என் மனசில் பாதி, மழை வரட்டும் என்றது. நெல் பத்திரமாக இருக்கிறது; ஒரு சின்ன மழை பெய்தால் நான் கல்யாணத்தை விட்டதற்கு ஒரு நியாயம் கிடைக்கும். இன்னொரு பாதிக்கு, ரோட்டில் விரிந்து கிடந்த அந்த மஞ்சள் ஞாபகம் வந்தது. முதல் பாதியை வாயை மூடச் சொன்னேன்.

மேகம் வந்தது, நின்றது, யோசித்தது, வடக்கே நகர்ந்து கடல் பக்கம் போய்விட்டது. வெயில் சுள்ளென்று திரும்பியது.

டிரைவரைக் கூப்பிட வந்த சேகர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். வானத்தைப் பார்த்தார், படுதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களா சார்? ஜப்பான்காரரு கரெக்டாத்தான் சொல்லியிருக்காரு. நடுவுல நீங்க வந்து பீதியக் கெளப்பி விட்டுட்டீங்க. ஒரு கல்யாணச் சாப்பாடு போச்சா இல்லையா?"

"போச்சுங்க" என்றேன்.

இருட்டுவதற்குள் வேன் வந்தது. நேரே வீட்டுக்குப் போகாமல் களத்தில் நின்றது. மாலையும் கழுத்துமாக இருவரும் இறங்கினார்கள். அத்தான் பட்டுவேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுதாவை விலக்கி, கைநிறைய நெல்லை அள்ளி, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார். 'டக்'கென்று உடைந்தது. அந்தச் சத்தம் அவருக்குப் போதும். வயல் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குத் தண்ணி வெச்சு உழுதுட்டா, தாளடிக்கு நாத்து ரெடியா இருக்கு" என்றார். குறுவைக்கு அடுத்த போகம் தாளடி. குத்தகையைப் பற்றி அவர் பேசவில்லை. அக்கா பேசுவாள் என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தாள்.

பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "மழை எங்கடா?"

"வரும்க்கா."

"எப்போ?"

வாயைத் திறந்தேன். மேலே ஓடும் ஆறு, இமயமலை, கிழக்குக் காற்று எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. அத்தான் சட்டென்று ஜிப்பாப் பையைத் தடவினார். போனை வெளியே எடுத்து, அணைத்து, திரும்ப உள்ளே வைத்தார். "இப்ப சொல்லு மச்சான்" என்றார்.

"தெரியாது அத்தான்" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தோம். அறுபதாம் கல்யாணத் தம்பதியிடம் ஆசீர்வாதம் வாங்குவது விசேஷம். தலை நிறைய வைக்கோலோடு களத்திலேயே விழுந்து கும்பிட்டேன். அட்சதை கோயிலிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. அக்கா குனிந்து, குவியலிலிருந்து புது நெல்லை ஒரு கை அள்ளி என் மேல் போட்டாள்.

அன்றைக்கு மேலேயிருந்து என் தலையில் விழுந்தது அது ஒன்றுதான்.